அது நிற்பதைப் பார்த்தவர்

மே மாதம் பதினோராம் தேதி, சனிக்கிழமை, பகல் இரண்டு மணி இருபது நிமிடம். கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டு நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆறில்தான் ஆள் இருந்தது. அந்த நேரத்தில் ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவர் துக்கம் கேட்க வந்தவர் அல்ல. உள்ளே கூடத்தில் என் மனைவியை வைத்திருந்த ஃப்ரீசர் பெட்டி ஓடாமல் நின்றுவிட்டது, அதைச் சரிசெய்ய வந்தவர்.

ஆறு வருடம் ஆகிவிட்டது. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. புதுக்கோட்டையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ஏசி பாய் என்றால்தான் தெரியும். கல்யாண மகால் ஏசி, பேக்கரி அடுப்பு, மீன் கம்பெனிகளின் குளிர் அறை, சாவு வீட்டுக்கு வாடகைக்குப் போகும் ஃப்ரீசர் பெட்டி என்று கரண்டில் ஓடிக் குளிரவோ கொதிக்கவோ செய்கிற எல்லாவற்றுக்கும் அவர்தான் வருவார். கோட்டைப்பட்டினத்துக்காரர். இருபது வருடம் சவூதியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். குடும்பம் கடற்கரையில் இருந்தது. இவர் மட்டும் இங்கே பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துத் தங்கி, வியாழக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போய் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து திரும்புவார். ஒல்லியான ஆள். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். கண்ணாடியின் ஒரு காது உடைந்து கறுப்பு டேப் சுற்றியிருக்கும்.

நான் கூட்டுறவுத் தணிக்கையிலிருந்து ஓய்வு பெற்றபின் கீரனூர் ரோட்டில் ஒரு மகாலில் ஒன்பது வருடம் மேனேஜராக இருந்தேன். அவர் பழக்கமானது அங்கேதான். முதலில் எனக்கு அவரைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். ஃபோனில் கேட்டால் எதுவும் சொல்ல மாட்டார்.

"பாய், மாடி ஏசி ஓடல. என்னவா இருக்கும்?"

"தெரியலைங்க சார்."

"ஒரு குத்துமதிப்பா சொல்லுங்களேன்."

"குத்துமதிப்பாச் சொன்னா நீங்க அதை மாத்திருவீங்க. வாரேன் இருங்க."

வந்தாலும் உடனே கையை வைக்க மாட்டார். பேனலைத் திறப்பதற்கு முன் கைக்கடிகாரம், வெள்ளி மோதிரம், சாவிக்கொத்து மூன்றையும் கழற்றுவார். தலையிலிருக்கும் தொப்பியை எடுத்து அதற்குள் போடுவார். "பிடிங்க சார், கீழ வச்சிராதீங்க" என்று பக்கத்தில் நிற்பவர் கையில் கொடுப்பார். தொப்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மகாலில் எப்போதும் என்னிடம்தான் கொடுப்பார். என் நாணயத்தின்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்று பல வருடம் எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு கந்தர்வக்கோட்டையில் பேக்கரி வைத்திருப்பவர் சொல்லித்தான் தெரிந்தது: "யாரு ரொம்ப நைநைன்னு பக்கத்துல நின்னு பேசிட்டே இருக்காங்களோ அவங்ககிட்டதான் சார் குடுப்பாரு. கை ரெண்டும் மாட்டிக்கிட்டா எதையும் தொட மாட்டாங்கள்ல. எங்க கடையில எனக்குத்தான்."

தொப்பியைக் கொடுத்தபின் ஒரு ஸ்டூல் கேட்பார். மெஷினுக்கு எதிரே போட்டு உட்காருவார். "அது நிக்கிறத நான் பாக்கணும்" என்பார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து பேச்சு வராது.

ஒரு ஆவணி முகூர்த்தத்தில் மகாலின் பெரிய ஏசி நின்றுவிட்டது. இருபது நிமிடம் ஓடும், நிற்கும். கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் மறுபடி ஓடும். மாப்பிள்ளை வேர்த்து வடிந்துகொண்டிருந்தார். முதலாளி மாடிப்படியில் மூன்று முறை ஏறி இறங்கினார்.

"சட்டுனு எதையாச்சும் மாத்தி விடுங்க பாய்."

"எதைங்க மாத்துறது?"

"கெபாசிட்டரோ என்னமோ சொல்வாங்கள்ல, அதை."

"அது நல்லா இருக்குங்களே."

"அப்ப என்னதான் செய்யப் போறீங்க, ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு?"

"நிக்கட்டுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

மூன்றாவது தடவை நிற்கும்போது பார்த்துவிட்டார். கம்ப்ரசருக்குக் கரண்ட்டைச் சேர்த்து விடுகிற கான்டாக்டர் என்ற சுவிட்சுக்குள் ஒரு பல்லி கருகி ஒட்டிக் கிடந்தது. அதனால் இரண்டு முனையும் முழுதாக அழுந்தாமல், சூடு ஏறினால் விலகிக்கொண்டிருந்தது. பல்லியை எடுத்து முனைகளைத் துடைத்து ஓட்டிவிட்டார். அதற்குள் தாலி கட்டி, இரண்டு பந்தி முடிந்திருந்தது.

பெண்ணின் அப்பா ஆபீஸ் அறைக்கு வந்து ஏசி வாடகை தர முடியாது என்றார். முதலாளி பாயைக் கதவோரம் கூட்டிப் போனார். "கரண்டு சரியா வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அது யாரு தலையிலயும் விழாது" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. பாய் திரும்பி வந்து பெண்ணின் அப்பாவிடம் சொன்னார்:

"கரண்டு நல்லாத்தாங்க வந்துச்சு. எங்க பேனல்ல பல்லி செத்துக் கெடந்துச்சு."

முதலாளி மூன்று மாதம் அவரைக் கூப்பிடவில்லை. வேறு இரண்டு பேர் வந்தார்கள். வந்த உடனே ஏதாவது ஒன்றை மாற்றினார்கள். நான்காவது மாதம் முதலாளியே என்னிடம், "அந்த அரிச்சந்திரனுக்கு ஃபோன் போடுங்க" என்றார்.

பேக்கரிக்காரர் சொன்ன கதையும் இதே மாதிரிதான். பெரிய மின்சார அடுப்பு அடிக்கடி நடுவில் அணைந்து ரொட்டி வேகாமல் போனது. ரொட்டி மாஸ்டர்தான் சுவிட்சை அணைத்துவிட்டுத் தூங்குகிறார் என்று பேக்கரிக்காரருக்குச் சந்தேகம். சம்பளத்தை முடித்து அனுப்பிவிடுவதாக இருந்தார். இரண்டு மெக்கானிக்குகள் வந்து பார்த்து அடுப்பில் ஒரு பழுதும் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். பாய் மூன்றாவதாக வந்தார். ஆறியிருந்த அடுப்பில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப ஒண்ணும் தெரியலைங்க, பத்த வைங்க" என்றார். அந்த வெக்கையில் நாலு மணி நேரம் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். சூடு நன்றாக ஏறிய பிறகு ஒரு ஒயரின் முனை விரிந்து விலகியது. அடுப்பு அணைந்தது. ஆறினால் அந்த முனை தானாகவே சேர்ந்துகொள்கிறது, அதனால்தான் முன்னால் வந்தவர்களுக்குத் தெரியவில்லை. மாஸ்டர் அழுதுவிட்டாராம். பாய் அவரிடம், "நீங்க தூங்கவே இல்லைன்னு நான் சொல்லல அண்ணே. அடுப்பு அணைஞ்சதுக்கு நீங்க காரணமில்ல, அம்புட்டுத்தான்" என்றாராம்.

என் மனைவி வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டாள். காபி கலக்கிக்கொண்டிருந்தவள் அடுப்படியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. எங்களுக்கு ஒரே மகன். அமெரிக்காவில் வேலை. பதினொரு மணிக்கு அவனுக்குச் சொன்னேன். "எடுத்துறாதீங்கப்பா, நான் வந்துர்றேன்" என்றான். பெட்டி வந்தது. அவன் வந்து அம்மாவின் முகத்தைப் பார்க்கிற வரைக்கும் அவளை வைத்திருக்க வேண்டும். எனக்கு அப்போது இருந்தது அந்த ஒரு வேலைதான்.

சாயங்காலம் அவன் மறுபடி கூப்பிட்டபோது கொஞ்சம் தயங்கினான். வேலை மாறிய சமயம், விசாக் காகிதம் பாதியில் நிற்கிறது, இப்போது நாட்டை விட்டு வந்தால் திரும்ப விடுவார்களா தெரியாது, ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றான். கடைசியில் கேட்டான்: "பெட்டி தாங்குமாப்பா?"

"தாங்கும்டா. நீ வா."

சனிக்கிழமை காலையிலிருந்து பெட்டி நிற்க ஆரம்பித்தது. உறுமிக்கொண்டே இருக்கும், ஒரு டக் சத்தம், பிறகு அமைதி. கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஓடும். மதியத்துக்குள் ஐந்து தடவை நின்றது. கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்கத் தொடங்கியது. நான் துண்டை வைத்து வெளிப்பக்கம் துடைத்துக்கொண்டிருந்தேன். பெட்டி வாடகைக்காரருக்கு ஃபோன் போட்டோம். அவர் அனுப்பியதுதான் பாய்.

உள்ளே வந்தவர் முதலில் அவள் முகத்தைப் பார்த்தார். மகாலுக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவரும்போது அவரையும் உட்காரவைத்துப் போட்டிருக்கிறாள். என் தோளில் கை வைத்தார். பிறகு கடிகாரத்தையும் மோதிரத்தையும் சாவியையும் கழற்றித் தொப்பியில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"பிடிங்க சார். ஒரு ஸ்டூல் மட்டும் வேணும்."

அப்போது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மீட்டரில் வோல்டேஜ் இருநூற்றுப் பதினெட்டு. அவர் உட்கார்ந்தார். மூன்று மணிக்கு குளத்தூரிலிருந்து அவள் வழிச் சொந்தக்காரப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கி அழுதார்கள். அழுது ஓய்ந்ததும் ஒருத்தி, "காத்தே இல்லாமக் கெடக்கே, அந்த ஃபேனப் போடுங்கடி" என்றாள். இன்னொருத்தி டீ போடக் கரண்ட் அடுப்பைச் சொருகினாள். மீட்டர் நூற்று அறுபத்தொன்றுக்கு இறங்கியது. டக். பெட்டி நின்றது.

பாய் எழுந்தார். "துக்கத்துக்கு ஆள் வந்தா நிக்குது சார்" என்றார்.

பெட்டியும், இரண்டு பெரிய ஃபேனும், டீ அடுப்பும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் சொருகப்பட்டிருந்தன. அதன் ஒயர் நூல் மாதிரி. பெட்டி ஒயரின் முனையில் சொருகுகிற பின் கருகியிருந்தது. புது பின் போட்டு, பெட்டிக்கு மட்டும் அடுப்படியில் கிரைண்டர் சொருகும் கனமான லைனிலிருந்து தனியாகக் கரண்ட் எடுத்துக் கொடுத்தார். ஐந்து மணிக்குள் வேலை முடிந்தது. மெக்கானிக் என்றால் அதோடு கிளம்பியிருக்க வேண்டும். அவர் ஸ்டூலை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"காலைலேர்ந்து கொறஞ்ச கரண்டுல திணறியிருக்கு சார். இருந்து பாக்கணும்."

நோன்பு மாதம் அது. டீ கொடுத்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆறு முப்பத்திரண்டுக்கு நான் ஒரு சொம்புத் தண்ணீரும் இரண்டு வாழைப்பழமும் கொண்டுபோய் வைத்தேன். பள்ளிவாசலுக்குப் போகாமல் பெட்டிக்குப் பக்கத்திலேயே நோன்பு திறந்தார். மொட்டைமாடியில் தொழுதுவிட்டு வந்து, தொப்பியை மறுபடி என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஒங்கள்ல இப்படி வைப்பீங்களா பாய்?" என்று கேட்டேன். எதையாவது பேச வேண்டும் போலிருந்தது.

"வைக்கிறதில்ல சார். எங்க அத்தா மௌத்தானப்ப நான் தம்மாம்ல இருந்தேன். காலைல சேதி வந்துச்சு. மத்தியானத் தொழுகைக்கு அடக்கிட்டாங்க."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஒரு ஆஸ்பத்திரி மாடியில ஏசி பிளான்ட்டுக்கிட்ட நின்னுட்டிருந்தேன். அது ட்ரிப் ஆகிட்டே இருந்துச்சு. அதப் பாத்துட்டிருந்தேன் சார்."

சாவு வீட்டில் உடலைத் தனியாக விடக் கூடாது என்பார்கள். முதல் நாள் ராத்திரி பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இரண்டாம் நாள் ராத்திரி நானும் அவரும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் மைத்துனன் பொறுமை இழந்துவிட்டான். அவன் அக்காவின் மேல் உயிரானவன்தான். ஆனால் மூன்றாம் நாள் ஆகிறதே என்ற தவிப்பு. பாயிடம் போய்க் குனிந்து பேசினான். நான் எதிரே தொப்பியோடு உட்கார்ந்திருப்பதை அவன் பொருட்படுத்தவில்லை.

"பாய், இனிமே பெட்டி தாங்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அத்தான் நான் சொன்னாக் கேக்க மாட்டாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு."

"ஓடுதுங்களே."

"ஓடுதுன்னு எனக்கும் தெரியுது."

"பாத்துட்டேதான் இருக்கேன். நேத்து அஞ்சு மணிக்கு அப்புறம் ஒரு வாட்டிகூட நிக்கலைங்க."

"ஒங்களுக்கென்ன, வாடகை ஏறிட்டே போகும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். பாய்க்கும் வாடகைக்கும் சம்பந்தம் கிடையாது. அவர் அதைச் சொல்லவில்லை.

பதினொன்றே காலுக்கு மகன் கூப்பிட்டான். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். என் இரண்டு கையிலும் தொப்பி இருந்ததால் ஃபோனை மடியில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். வக்கீல் திங்கட்கிழமைதான் ஆபீசுக்கு வருவாராம். டிக்கெட் பார்த்துக்கொண்டே இருக்கிறானாம். ஒன்று செவ்வாய்க்கிழமை இருக்கிறது, ஒன்று புதன்கிழமை. குரல் தூக்கமில்லாமல் கட்டியிருந்தது.

"பெட்டி தாங்குமாப்பா?"

வெள்ளிக்கிழமையிலிருந்து இது ஐந்தாவது தடவை. நான் "தாங்கும்டா" என்று சொல்ல வாயெடுத்தேன்.

பாய் எழுந்தார். சுவர் ஓரமாகப் போய் சுவிட்சை அணைத்து, பின்னைக் கையால் பிடித்து உருவினார். பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உறுமல் இறங்கி, ஒரு நடுக்கம் நடுங்கி, அடங்கியது. இரண்டு நாளாகக் காதுக்குள் இருந்த சத்தம் போனதும் தெருவில் காக்கை கத்துவது கேட்டது. அவர் குனிந்து என் மடியிலிருந்த ஃபோனை எடுத்தார்.

"தம்பி, நான் மெக்கானிக் பேசுறேன். பெட்டி நின்னுருச்சு. பக்கத்துலதான் நிக்கிறேன், என் கண்ணு முன்னாடிதான் நின்னுச்சு. இனிமே ஓடாது. அம்மாவ இன்னைக்கு எடுத்தாகணும்."

அந்தப் பக்கம் என் மகன் அழுதான். வெள்ளிக்கிழமையிலிருந்து அவன் அழுது நான் கேட்கவில்லை. சத்தமாக, சின்ன வயதில் அழுத மாதிரியே அழுதான். அது முடிந்து கோபம் வந்தது. "ரெண்டு நாளா அங்க உக்காந்து என்னய்யா பண்ண? ஒரு பெட்டியப் பாத்துக்க முடியலையா? நான் கெளம்பிட்டிருந்தேன்யா" என்று கத்தினான். பாய் ஃபோனைக் காதில் வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டார். "ஆமா தம்பி" என்றார். இன்னொரு தடவையும் "ஆமா தம்பி" என்றார். எனக்குத் தொப்பியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

நான்கு மணிக்கு எடுத்தோம். மகன் ஃபோனில் பார்த்தான்.

மறுநாள் கணக்குத் தீர்க்க அவர் அறைக்குப் போனேன். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. புதன்கிழமை என்றால் இன்னும் மூன்று நாள்தானே, வைத்திருக்கலாமே என்று கோபம்.

"ஏன் பாய் அப்படிச் செஞ்சீங்க?"

"தம்பி எந்த நாளு வாரேன்னு சொல்லல சார். நான் வந்ததுலேர்ந்து ஒவ்வொரு வாட்டியும் பெட்டியத்தான் கேட்டுச்சு." கணக்கை எழுதிக்கொண்டே, "நிக்காததை நின்னுச்சுன்னு நான் சொல்லல. நின்னதப் பாத்துட்டுத்தான் சொன்னேன்" என்றார். புது பின் தொண்ணூறு ரூபாய், வந்ததற்கு முந்நூறு. அதற்கு மேல் வாங்கவில்லை.

அந்த வாரத்திலேயே மகன் இன்டர்நெட்டில் அந்தப் பெட்டி வாடகைக் கடையின் பெயரைத் தேடிப் பிடித்து ஒரு நட்சத்திரம் போட்டு, மெக்கானிக்கின் அலட்சியத்தால் அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை என்று எழுதினான். அதைப் பதினேழு பேர் ஆமோதித்திருந்தார்கள். கடைக்காரரிடம் பதினான்கு பெட்டிகள். பெட்டிக்கு மாதம் நூற்றைம்பது ரூபாய் என்று பராமரிப்பு முழுவதையும் பாய்தான் பார்த்துவந்தார். அது நின்றது.

நான் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"நான் நம்புறேன் சார்" என்றார் கடைக்காரர். "ஆனா சாவு வீட்ல பெட்டி நின்னுச்சுன்னு ஊரு படிச்சிருச்சு. அதே ஆள அனுப்புனா என்னைய யாரு கூப்புடுவா? தம்பிய அத எடுக்கச் சொல்லுங்க, நாளைக்கே பாய வரச் சொல்றேன்."

எடுக்கச் சொல்ல வேண்டுமென்றால் மகனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். பாயிடம் போய், இன்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லாதீங்க சார். சொன்னீங்கன்னா பெட்டி மறுபடி ஓட ஆரம்பிச்சிரும்."

நான் சொல்லவில்லை. மகன் மூன்றாம் வருடத் திதிக்குத்தான் வந்தான். வீட்டு ஏசி சத்தம் போடுவதைக் கேட்டுவிட்டு, "யாரையாவது கூப்பிடுங்கப்பா, அந்த ஆள மட்டும் வீட்டுக்குள்ள விடாதீங்க" என்றான். பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். அம்மாவின் படத்துக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்த மெக்கானிக்கைத் திட்டினான். திட்டி முடித்ததும் அவன் முகம் தெளிவாகிவிடும். அவன் தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பாயைப் பிறகு பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில்தான் பார்ப்பேன். மீன் கம்பெனி வேலை அதிகமாகி, பாதி நாள் கடற்கரையிலேயே இருந்தார். நாலு வருடம் கழித்து ஒரு மே மாதத்தில், குளிர் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று பேக்கரிக்காரர் ஃபோனில் சொன்னார். நான் எந்த பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று கேட்டேன்.

"நேத்தே சார். மத்தியானமே அடக்கிட்டாங்க."

இப்போது வீட்டில் ஓடுகிறது என்று சொல்ல ஃபிரிட்ஜ் ஒன்றுதான். அதுவும் சில நாள் பகலில் நின்றுவிடுகிறது. கடைக்குச் சொன்னால் ஒருவன் வந்து எதையாவது மாற்றிவிட்டுப் போகிறான். அதனால் நானே அதன் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்க்கிறேன். நான் உட்கார்ந்திருக்கும்போது அது நிற்பதே இல்லை.

கை சும்மா இருப்பதால் கணக்குப் போட்டேன். பதினான்கு பெட்டி, பெட்டிக்கு மாதம் நூற்றைம்பது, அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் சாய்ந்த மே மாதம் வரை நாற்பத்தெட்டு மாதம். என் வீட்டுக் கூடத்தில் ஒரு பின்னை உருவியதற்கு அவருக்கு ஆன செலவு ஒரு லட்சத்து எண்ணூறு ரூபாய்.